அரைத் தலைக்கு ஒரு பாடத்திட்டம்

அன்று நடந்ததற்குப் பார்லர் அக்கா பொறுப்பில்லை. கரண்ட் இருந்தது. கிரீம் நல்ல கிரீம். அக்காவின் கைராசியைப் பற்றித் தெருவில் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை. எத்தனையோ வருஷமாக ஊர்ச் சுருட்டைகளோடெல்லாம் மல்லுக்கட்டி வந்த முடி நேராக்கும் கருவிதான், வாடிக்கையாளரின் தலையில் வகிட்டுக்கு இடப்பக்கத்தை முடித்துவிட்டு வலப்பக்கம் போகிற நேரம் பார்த்து உயிரை விட்டது. அதன் சின்னப் பச்சை விளக்கு ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தது.

நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இடப்பக்கம் முடி இஸ்திரி போட்டதுபோலத் தோளில் விழுந்து கிடந்தது. வலப்பக்கம் குருவிக்கூடு.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லைங்க மேடம். வயர் கழுத்துல விட்டுப்போயிருக்கு. முறுக்கி முறுக்கிப் புடிக்கிறோமில்ல, அதான். தெரு முனையில எலக்ட்ரீசியன் இருக்காரு, கூப்பிடறேன். இல்லன்னா புதுசாவே ஒண்ணு வாங்கிடறேன். சனிக்கிழமை கல்யாணப் பொண்ணு வேற வருது, வாக்குக் குடுத்துட்டேன்."

'புதுசு' என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த அம்மாள் கழுத்தில் கட்டிய துண்டோடு எழுந்து நின்றுவிட்டார்.

"நான் யாருன்னு தெரியுமா?"

அக்காவுக்குத் தெரியாது. தலையைப் பார்க்கிற தொழிலில் ஆளைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. அவர் பழுதுநீக்கம் மற்றும் கழிவுக் குறைப்புக் கல்வி இயக்ககத்தின் இயக்குநர். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழுதான மின்சாமான்களைச் சரிபார்க்கக் கற்றுத்தரும் 'பழுதும் பண்பும்' திட்டம் அவருடைய மூளையில் உதித்தது.

"புதுசு வாங்காதே, பழுது பாருன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றவ நான். என் தலைக்காக ஒரு புதுக் கருவி வாங்கினாங்கன்னு வெளிய தெரிஞ்சா என் தலை என்ன ஆகும்?"

அக்கா அந்தத் தலையைப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது.

"அப்போ எலக்ட்ரீசியனைக் கூப்பிடட்டுமா மேடம்?"

"எலக்ட்ரீசியன் சரி பண்ணிடுவாரு. அதான் பிரச்சினையே. சரி பண்றது முக்கியமில்லைம்மா, கத்துக்கறதுதான் முக்கியம். உனக்குப் படிக்கிற பிள்ளை இருக்கா?"

இருந்தாள். தலைமுடிச் சுருளைப் பார்த்து வகுப்பில் எல்லாரும் 'ஸ்பிரிங்' என்று கூப்பிடுகிற மகள், எட்டாம் வகுப்பு, திட்டம் நடக்கிற அதே பள்ளி. இயக்குநரின் முகம் மலர்ந்தது. கருவியை மகளிடம் கொடுத்தனுப்பச் சொன்னார். பாடத்திட்டம் தாமே எழுதியது என்பதால் கவலையே வேண்டாம் என்றார். கைப்பையிலிருந்து 'இந்நிறுவனம் புதிது வாங்காது' என்று அச்சடித்த ஒட்டுத்தாளை எடுத்துக் கடைக் கண்ணாடியில் தம் கையாலேயே ஒட்டினார். வேறு பார்லருக்குப் போகலாம்தான். ஆனால் யாரோ கிரீம் போட்டுப் பாதியில் விட்ட தலையை எந்த பார்லரும் தொடாது. அது அந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். ஆகவே தலையைச் சுற்றி ஒரு துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்.

திங்கட்கிழமை கருவி பள்ளிக்குப் போனது. மாலையில் ஸ்பிரிங் வெறுங்கையோடு வந்தாள்.

"எங்கடி கருவி?"

"இன்னைக்கு அதுக்கு வணக்கம் சொன்னோம்மா. எல்லாரும் எழுந்து நின்னு."

"வயரு?"

"வயருக்குத் தனியா சொல்லலை."

மறுநாள் கருவியைப் படம் வரைந்தார்கள். அதற்கடுத்த நாள் 'நான் ஒரு முடி நேராக்கும் கருவி பேசுகிறேன்' என்ற தலைப்பில் கட்டுரை. ஸ்பிரிங்கின் கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்திருந்தது. 'காலை முதல் மாலை வரை என் எஜமானி என் கழுத்தை நெரிப்பாள். ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்று என்னிடம் கேட்டதுண்டா?' என்று அதில் இருந்தது. அக்காவுக்குச் சுருக்கென்றது. பெற்ற மகளைவிட அதைத்தான் பதமாகப் பிடித்தோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் பின்வாசலில் துப்பட்டா தெரிந்தது.

"சரியாச்சா?"

"கட்டுரை எழுதியிருக்காங்க மேடம்."

"நல்லா எழுதியிருக்காங்களா?"

"படிச்சா கண்ணுல தண்ணி வருது."

"அப்போ சரியான பாதையிலதான் போகுது" என்றார் இயக்குநர். துப்பட்டாவுக்குள் விரலை விட்டு வலப்பக்கத்தைச் சொறிந்துகொண்டார்.

சனிக்கிழமை கிட்டே வந்துகொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா கடைக்கே வந்து, "அக்கா, எல்லாம் ரெடிதானே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அக்கா 'ரெடி' என்றாள். வாக்குத் தவறினால் அந்தத் தெருவில் அவள் கடைக்கு யார் வருவார்கள்? வியாழக்கிழமை காலை கடையைச் சாத்திவிட்டு நேரே பள்ளிக்குப் போனாள்.

பழுதுநீக்க வகுப்பு எங்கே என்று கேட்டால் மைதானத்தைக் காட்டினார்கள். திட்டத்துக்குப் பொறுப்பு பி.டி. மாஸ்டர். அவருடைய வகுப்புகளைக் கணக்கு டீச்சரும் அறிவியல் டீச்சரும் காலங்காலமாகக் கடன் வாங்கித் திருப்பித் தராததால், பள்ளியிலேயே நேரம் இருந்த ஒரே ஆசிரியர் அவர்தான். பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் தெர்மாகோலில் செய்த ஸ்க்ரூடிரைவர்.

மாஸ்டர் விசில் ஊதினார். "ஸ்க்ரூடிரைவரை... உயர்த்து. வலப்புறம்... திருப்பு. இடப்புறம்... திருப்பு. நிதானம்... நில்."

எதிரே எந்தத் திருகாணியும் இல்லை. பிள்ளைகள் காற்றைக் கழற்றிக் காற்றை மாட்டினார்கள். பின்வரிசையில் ஒருவனின் ஸ்க்ரூடிரைவர் ஒடிந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அக்கா மாஸ்டரைத் தனியாகப் பிடித்தாள். "மாஸ்டர், அதுல பெரிய விஷயம் ஒண்ணுமில்லை. வயர் கழுத்துல விட்டுப்போயிருக்கு. வெட்டி முறுக்கினா முடிஞ்சது."

மாஸ்டர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியும்மா. எனக்குத் தெரியும், பசங்களுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும். ஆனா மூணாம் பருவத்துலதான் தெரியணும். முதல் பருவம் கருவியை மதித்தல். ரெண்டாம் பருவம் கருவியின் துயரம் அறிதல். மூணாவதுதான் தேவைப்பட்டால் பழுது நீக்கல். இப்பவே சரி பண்ணிட்டா ரெண்டாம் பருவத்துல எதோட துயரத்தை அறியறது?"

"வேற ஏதாவது பழுதானதை வச்சு அறிஞ்சுக்குங்களேன்."

"அதான் வரலையே. வீட்டு வீட்டுக்குச் சொல்லி அனுப்பினோம். பாதிப் பேர் தாங்களே சரி பண்ணிக்கிட்டாங்க, மீதிப் பேர் குப்பையில போட்டுட்டாங்க. கைவசம் இருக்கற ஒரே பழுது உங்களுதுதான்."

தலைமையாசிரியை அக்காவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் அந்தத் தாயா? வாங்க வாங்க. உங்களால பள்ளிக்கூடத்துக்கே பெருமை."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அலுவலக வாசலில் புதிதாகச் செய்த கண்ணாடிப் பெட்டி. அதைச் சுற்றிப் புதிதாக வாங்கிய வண்ண விளக்குகள். உள்ளே வெல்வெட் துணிமேல் அக்காவின் கருவி, 'மாதிரிப் பழுது. தொடாதீர். திருந்திவிடக்கூடும்' என்ற பலகையோடு. பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்தெல்லாம் பிள்ளைகள் பேருந்து வைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

"மேடம், எனக்குச் சனிக்கிழமை கல்யாணப் பொண்ணு வருது. பிழைப்பும்மா. குடுத்துடுங்க."

"கண்டிப்பா குடுப்போம். சரியான உடனே. சரி பண்ண ஸ்க்ரூடிரைவர் வேணுமில்ல? இயக்ககம் அசல் ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு அனுப்பியிருக்கு. பிள்ளைங்க கைக்குப் போயிடக்கூடாதுன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டோம். பூட்டு இறுகிப்போச்சு."

"பூட்டைக் கழட்டிடலாமே?"

"கழட்ட ஸ்க்ரூடிரைவர் வேணுமே."

"கடையில ஒண்ணு வாங்கினா?"

தலைமையாசிரியை அக்காவை வருத்தத்தோடு பார்த்தார். "புதுசு வாங்கறதாம்மா? நீங்களே இப்படிப் பேசலாமா?"

அன்று மாலை பின்வாசலில் அக்கா எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். இயக்குநருக்கு முகம் சிவந்தது.

"மூணாம் பருவமா? எந்தப் புத்திசாலி அப்படி வச்சது?"

"நீங்கதான்னு சொன்னாங்க மேடம்."

பாடத்திட்டத்தை எழுதியவர் அதைப் படித்திருக்கவேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

"நல்ல முடிவுதான்" என்றார் கடைசியில். "அவசரப்பட்டுச் சரி பண்ணிட்டா பிள்ளைங்களுக்குப் பழுதோட அருமை தெரியாமப் போயிடும்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம். உங்க தலையும் முடிஞ்சுடும், என் வேலையும் நடந்துடும்."

"என் சொந்தத் தலைக்காகப் பாடத்திட்டத்தை மாத்தினேன்னு கெட்ட பேர் வாங்கச் சொல்றியா? நான் நேர்மையானவம்மா." துப்பட்டா முடிச்சை இறுக்கிக்கொண்டார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துல நடக்கற திட்ட விழாவுல இந்தத் துணி அவிழாம இருந்தா போதும்."

வெள்ளிக்கிழமை விழாவுக்குப் பெற்றோர் எல்லாரும் வரவேண்டும் என்று உத்தரவு. அக்கா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஒரு பக்கம் மாலை போட்ட கண்ணாடிப் பெட்டி, நடுவில் துப்பட்டாவோடு இயக்குநர், பக்கத்தில் துணை இயக்குநர். துணை இயக்குநருக்குத் தலையில் ஒரு முடியும் இல்லை. மேடை விளக்கு அங்கே பட்டு மூன்றாம் வரிசை வரைக்கும் வந்தது. பிள்ளைகள் எல்லாருக்கும் சட்டையில் மினுக்கும் கழிவுக் குறைப்புப் பதக்கம். பேட்டரி தீர்ந்தால் மாற்ற வழியில்லாத வகை. குத்துவிளக்கேற்றுவதற்குள்ளேயே பாதி அணைந்துவிட்டது. அணைந்ததை வாங்கிப் போட வாசலில் ஒரு கூடை வைத்திருந்தார்கள்; அது நிறைந்து, இன்னொரு கூடை புதிதாக வாங்கி வரப்பட்டது.

துணை இயக்குநர் வரவேற்புரையை ஆரம்பித்தார். பாதிப் பேச்சில் யாரோ பெரிய மேடை விசிறியைப் போட்டுவிட்டார்கள். துப்பட்டா எழுந்தது, அரங்கைச் சுற்றிப் பார்த்தது, பி.டி. மாஸ்டரின் முகத்தில் போய் விழுந்தது.

அரங்கம் முழுவதும் இயக்குநரின் தலையைப் பார்த்தது. இடப்பக்கம் நேர். வலப்பக்கம் ஐந்து நாள் துணிக்குள் அடைந்து கிடந்து வெளியே வந்த கோபத்தில் இன்னும் பெரிதாக எழுந்து நின்றது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

துணை இயக்குநர் சும்மா துணை இயக்குநர் ஆனவரல்ல. "பாருங்கள்" என்றார் கணீரென்று. "சொல்வதைச் செய்பவர்கள் உண்டு. ஆனால் தம் தலையையே பாடநூலாக்கிய ஒருவரை எங்காவது கண்டதுண்டா? வலப்பக்கம் பாருங்கள். சுருண்டு, சிக்குண்டு, சீரழிந்து கிடப்பது பழுது. இடப்பக்கம் பாருங்கள். அது பழுதுநீக்கம். இன்று முதல் இதுவே நம் இயக்ககத்தின் சின்னம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இயக்குநர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார், அப்புறம் இன்னொன்றையும் திறந்தார், அப்புறம் புன்னகைத்தார்.

அக்கா கை தட்டவில்லை. பிள்ளைகள் வரிசையில் ஸ்பிரிங் மெல்லத் தன் கையைத் தூக்கித் தலையில் வைத்து முடியை அமுக்கிக்கொள்வதைப் பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவள் ஸ்பிரிங்கின் தலையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். கருவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள், போகட்டும். கல்யாணப் பெண் கைவிட்டுப் போகப்போகிறது, அதுவும் போகட்டும். பெற்ற பிள்ளையின் தலையைப் பழுது என்று மேடை போட்டுச் சொல்ல இவர்கள் யார்?

இயக்குநர் பேச எழுந்தார். தெம்பு வந்துவிட்டது.

"அன்புப் பிள்ளைகளே, எதையும் தூக்கி எறியாதீர்கள். நான் இந்த ஆண்டு மூன்று கைபேசி மாற்றினேன். ஒன்றையாவது எறிந்தேனா? மூன்றும் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன. சென்ற ஆண்டினுடையவை அடுத்த இழுப்பறையில். இழுப்பறை போதாமல் புது மேசை வாங்கினேன், பழைய மேசையையும் எறியவில்லை. அதைப் போல நீங்களும்..."

மைக் 'கர்' என்றது. அதன்பின் இயக்குநரின் வாய் மட்டும் அசைந்தது.

பி.டி. மாஸ்டர் விசில் ஊதினார். பிள்ளைகள் சட்டென்று எழுந்து தெர்மாகோல் ஸ்க்ரூடிரைவர்களை உயர்த்தி, வலப்புறம் திருப்பி, இடப்புறம் திருப்பி, நிதானமாக நின்றார்கள். மைக்கில் எந்த மாற்றமும் இல்லை. தலைமையாசிரியை அதற்கு வணக்கம் சொல்லிப் பார்த்தார். இயக்குநர் மைக்கைத் தட்டிக்கொண்டே ஏதோ கத்தினார். 'யாராவது சரி பண்ணித் தொலைங்களேன்' என்று அவர் சொன்னதாக முன்வரிசையில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள். ஆனால் மைக்கில் வராததால் அதை உத்தரவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அக்கா எழுந்தாள். நேரே மேடைக்கு ஏறினாள். மைக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். வயர் கழுத்தில் விட்டுப்போயிருந்தது. மைக்கோடு கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள். பெட்டிக்குப் பூட்டு இல்லை. 'தொடாதீர்' என்று எழுதிய பிறகு பூட்டு எதற்கு என்று விட்டிருந்தார்கள். கருவியை எடுத்தாள், மைக்கை வைத்தாள், மாலையை எடுத்து அதற்குப் போட்டாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்று தலைமையாசிரியை ஓடிவந்தார்.

"பழுதுக்குப் பழுது சரியாப்போச்சு மேடம். உங்களுக்கு ஒண்ணு இருந்தா போதும்தானே? இது உங்க சொந்தப் பழுது. இனிமே யார் வீட்டுப் பொருளையும் நம்பி இருக்கவேண்டாம்."

தலைமையாசிரியை பெட்டியைப் பார்த்தார். பி.டி. மாஸ்டர் குனிந்து பார்த்து, "மேடம், அதைவிட இது நல்லாவே பொருந்துது" என்றார். தலைமையாசிரியையின் கண்கள் கலங்கின. இந்த வட்டாரத்தில் எந்தப் பள்ளிக்குச் சொந்தமாக ஒரு பழுது இருக்கிறது? 'நான் ஒரு மைக் பேசுகிறேன்' என்ற தலைப்பில் திங்கட்கிழமை கட்டுரை என்று அங்கேயே முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வயரை வெட்டினாள். ஸ்பிரிங் முறுக்கினாள், டேப் சுற்றினாள். பச்சை விளக்கு எரிந்தது. தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அம்மா, சுருட்டைன்னா பழுதாம்மா?"

"பழுதா இருந்தா விட்டு வச்சிருப்பேனா? கருவி என் கையிலேயே இருக்கு. ஊர்ல எல்லார் தலையிலயும் வச்சேன், ஒரு நாளாவது உன் தலையில வச்சிருக்கேனாடி?"

ஸ்பிரிங் யோசித்துப் பார்த்தாள். வைத்ததே இல்லை. தலையிலிருந்து கையை எடுத்தாள்.

சனிக்கிழமை கல்யாணப் பெண் வந்தாள், அழகாகப் போனாள். அவள் போன பிறகு இயக்குநர் வந்தார். துப்பட்டா இல்லை, பின்வாசலும் இல்லை. முன்வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்து கம்பீரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா துண்டைக் கட்டினாள், கருவி சூடானது, வலப்பக்கத்தில் ஒரு கற்றையைப் பிடித்தாள்.

"நிறுத்தும்மா."

அக்கா நிறுத்தினாள்.

"சின்னம் ராத்திரியோட ராத்திரியா அச்சாயிடுச்சு. புதுப் பை, புதுத் தொப்பி, புதுக் குடை, எல்லாத்துலயும் என் தலைதான்." இயக்குநர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இப்ப இந்தப் பக்கத்தையும் நேராக்கினா பழுதே இல்லைன்னு ஆயிடும். பழுதே இல்லைன்னா அப்புறம் இயக்ககம் எதுக்குன்னு யாராவது கேட்டுடுவாங்க." ஒரு பெருமூச்சு விட்டார். "மூணாம் பருவத்துல பார்த்துக்கலாம். இப்போ இடப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் தொட்டு விடு."

இடப்பக்கத்தைத் தொட்டுவிட்டு அக்கா நிமிர்ந்தபோது வாசலில் வரிசை நின்றது. இயக்ககத்துப் பெண் அலுவலர்கள் அத்தனை பேரும். எல்லாருக்கும் பாதித் தலை வேண்டுமாம், திங்கட்கிழமைக்குள். இயல்பிலேயே நேரான முடி வாய்த்த இரண்டு பேர், வலப்பக்கத்தை எப்படியாவது சுருட்டித் தரவேண்டும் என்று அழாத குறையாகக் கேட்டார்கள். அவர்களை ஸ்பிரிங் கவனித்துக்கொண்டாள். சுருட்டை எவ்வளவு கஷ்டப்பட்டு வருகிற அழகு என்று அவர்களுக்கு விளக்கமாகச் சொல்லிக்கொண்டே சுருட்டினாள்.

வரிசையின் கடைசியில் துணை இயக்குநர் நின்றிருந்தார். தன் முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, சின்னம் அச்சிட்ட புதுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஏதாவது பண்ணிவிடும்மா. ஆபீஸ்ல நான் மட்டும் தனியாத் தெரியறேன்."

அக்கா அவர் தலையை முன்னாலும் பின்னாலும் நிதானமாகப் பார்த்தாள். கருவியின் சுவிட்சை அணைத்தாள்.

"உங்களுக்கு மூணாம் பருவமே முடிஞ்சுபோச்சே சார்."